ஏறும்போதே முடிவாகிவிடும் ஓட்டம்: எவரெஸ்ட் மாரத்தான்

எவரெஸ்ட் மாரத்தானின் உயர வரைபடத்தைப் பார்த்தவுடன் ஒரு தெம்பு வரும். எவரெஸ்ட் அடிவார முகாமில் 5,364 மீட்டரில் தொடக்கம். நாம்சே பஜாரில் ஏறத்தாழ 3,440 மீட்டரில் முடிவு. நடுவில் 42.195 கிலோமீட்டர். கோடு இடமிருந்து வலமாகச் சரிந்துகொண்டே வருகிறது. இறக்கம்தானே, கால் தானாகப் போய்விடாதா என்று தோன்றும். சமதளத்தில் நான்கு மணி நேரத்துக்குள் மாரத்தான் முடிப்பவர்கள்கூட இந்தக் கோட்டை நம்பி, அங்கே ஆறு மணி நேரம் ஆகும் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கை இப்போதே அழித்துவிடுங்கள். சமதள நேரத்தை இரண்டால் பெருக்கி, அதற்கு மேலும் ஒன்றிரண்டு மணி நேரம் சேர்த்துக்கொள்வதுதான் முதல்முறை ஓடுபவருக்கு நியாயமான எதிர்பார்ப்பு.

டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் ஹிலாரியும் உச்சியை அடைந்தது 1953 மே 29. அதன் பொன்விழா ஆண்டான 2003இல் தொடங்கிய இந்த ஓட்டம், அந்த நாளை ஒட்டியே மே 29 அன்று நடக்கிறது. அதற்கு முன்பே, 1987இல், முகாமுக்குச் சற்றுக் கீழேயுள்ள கோரக் ஷெப்பிலிருந்து நாம்சேவுக்கு ஒரு மாரத்தான் நடந்திருக்கிறது. முன்வரிசையில் முடிப்பவர்கள் அநேகமாக நேபாள ஓட்டக்காரர்கள். மலையில் பிறந்து வளர்ந்த அவர்களின் நேரத்தோடு உங்கள் நேரத்தை ஒப்பிடுவதில் பயனில்லை.

இந்த அத்தியாயம் முழுவதும் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றே ஒன்றுதான். இந்த ஓட்டத்தை முடிப்பீர்களா இல்லையா என்பது மே 29 அன்று முடிவாவதில்லை. லுக்லா விமான நிலையத்தில் இறங்கி அடிவார முகாம்வரை நடந்து ஏறும் அந்த இரண்டு வாரங்களில் முடிவாகிறது. மெதுவாக ஏறியவர் தொடக்கக் கோட்டில் உடல்நலத்தோடு நிற்பார். நலத்தோடு நிற்பவர் அநேகமாக முடித்துவிடுவார்.

அங்கே உடலுக்கு என்ன நடக்கிறது

மலைமேல் ஆக்சிஜன் குறைவு என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் காற்றில் ஆக்சிஜனின் பங்கு அங்கேயும் 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம். அடிவார முகாமில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழப் பாதி. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் போகும் ஆக்சிஜனும் பாதியாகிவிடுகிறது.

1,500 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும், உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு சுமார் 1 விழுக்காடு குறைகிறது என்பது பயிற்சியாளர்கள் கையாளும் தோராயமான கணக்கு. தொடக்கக் கோட்டில் உங்கள் எஞ்சினின் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காணாமல் போயிருக்கும். எவ்வளவு நன்றாகப் பயிற்சி செய்தாலும் இந்த இழப்பிலிருந்து தப்ப முடியாது. உடற்தகுதி மிக்க ஓட்டக்காரர்களுக்கு இழப்பு சற்றுக் கூடுதலாகக்கூட இருக்கலாம்.

உடலும் சும்மா இருப்பதில்லை. முதல் நாளிலேயே மூச்சு வேகமாகிறது. அப்படி மூச்சு விடும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி, இரத்தத்தில் காரத்தன்மை கூடுகிறது. அதைச் சமன்செய்ய சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியே தள்ளுகிறது. அதற்குச் சில நாட்கள் பிடிக்கும். இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து சிறுநீர் கழிக்க நேர்ந்தால் எரிச்சல்படாதீர்கள், உடல் பழகுகிறது என்று அர்த்தம். இரத்தத்தின் நீர்ப்பகுதியும் குறைந்து, இருக்கும் சிவப்பணுக்கள் செறிவாகின்றன. புதிய சிவப்பணுக்கள் உருவாவது இதையெல்லாம்விட மெதுவாக நடக்கும் வேலை, அதற்கு வாரங்கள் ஆகும்.

இதனால்தான் புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே ஒரு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறேன். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் சேர்த்துப் பாருங்கள். சேமிப்பில் இரும்புச்சத்து இல்லாத உடல், எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் புதிய சிவப்பணுக்களை உருவாக்க முடியாமல் திணறும். நம் ஊர்ப் பெண்களில் இரத்தசோகை எவ்வளவு பரவலானது என்பது தெரிந்ததே. மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களும் இந்தப் பரிசோதனையைத் தவறவிடக்கூடாது. குறைவு இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை எடுத்து, மீண்டும் பரிசோதித்துப் பார்க்க அந்த இரண்டு மாதம் வேண்டும்.

ஊரில் இருக்கும்போது

உயரத்துக்குப் பழக ஒரு வாரம் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ தங்கி ஓடலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகப் போங்கள், ஏற்ற இறக்கப் பயிற்சிக்கு அருமையான இடங்கள். ஆனால் ஊட்டி இருப்பது 2,240 மீட்டரில். தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான், அது லுக்லா விமான நிலையத்தைவிடத் தாழ்வு. அங்கே ஒரு வாரம் ஓடியது 5,000 மீட்டரில் உங்களைக் காப்பாற்றாது. உயரத்துக்குப் பழகுவதை நேபாளத்தில் வைத்துக்கொள்வோம். ஊரில் கால்களைத் தயார் செய்வோம்.

அந்தத் தயாரிப்பில் பெரும்பாலோர் கோட்டை விடும் இடம் இறக்கம். மலை என்றதும் ஏறிப் பழகுகிறார்கள். இந்தத் தடத்திலோ முன்தொடைத் தசைகளை முறிப்பது இறங்கும் ஓட்டம்தான். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் முன்தொடை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் விழுவது அப்போதுதான். மறுநாள் காலை படிக்கட்டில் இறங்கமுடியாமல் கைப்பிடியைப் பற்றிக்கொள்ள வைக்கும் வலி அதுவே. நல்லவேளையாக இதற்கு மருந்து உண்டு. ஒருமுறை இறக்கத்தில் நன்றாக அடிவாங்கித் தேறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே அடியை எளிதாகத் தாங்கும். எனவே மாதத்துக்கு இரண்டு முறையாவது நீண்ட இறக்கத்தில் ஓடுங்கள். ஊரைவிட்டுப் புறப்படுவதற்குச் சற்று முன்பு, அதாவது ஓட்டத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, கடைசி நீண்ட இறக்க ஓட்டத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் இதற்கு ஏற்ற சாலை. விடிகாலையில், வண்டிகள் குறைவாக இருக்கும்போது மட்டும் ஓடுங்கள். அனுமதி உள்ள மாதங்களில் வெள்ளியங்கிரி இன்னும் நல்லது. அங்குள்ள கல்படிகளும் கரடுமுரடும் எவரெஸ்ட் வட்டாரமான கும்புவின் பாதைக்கு நெருக்கமானவை. பக்கத்தில் மலையே இல்லாத சென்னைவாசிகளுக்கு அடுக்குமாடிக் கட்டடம் இருக்கிறது. ஏறிவிட்டு லிஃப்ட்டில் இறங்குவது வழக்கமாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள், நமக்கு வேண்டியது இறங்குவதுதான். ஒற்றைக் காலில் படியிலிருந்து மெல்ல இறங்கும் பயிற்சி, கெண்டைக்கால் உயர்த்தல், கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்பது ஆகியவற்றை வாரம் இரண்டு நாள் செய்யுங்கள். கணுக்கால் பிசகாமல் இருப்பது முகாமிலிருந்து வரும் முதல் பத்து கிலோமீட்டரில் உங்கள் பெரும் சொத்து.

வாரக் கிலோமீட்டரைப் பெருக்குவதைவிட, காலில் நிற்கும் நேரத்தைப் பெருக்குங்கள். சனிக்கிழமை ஆறு மணி நேரம் முதுகுப்பையோடு மலைநடை, ஞாயிற்றுக்கிழமை களைத்த காலோடு இரண்டு மணி நேர ஓட்டம். இப்படி அடுத்தடுத்த நாட்களில் செய்யும் பயிற்சி, ஒரே நாளில் 35 கிலோமீட்டர் சாலையில் ஓடுவதைவிட இந்த ஓட்டத்துக்கு நெருக்கமானது. முழு மாரத்தானும் கரடான மலைத்தடமும் இரண்டுமே உங்களுக்குப் புதிது என்றால், இதே நிகழ்வின் அரை மாரத்தானுக்குப் பெயர் கொடுங்கள். அதே மலை, அதே ஏற்றம், அதே இரண்டு வாரம். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

லுக்லாவிலிருந்து முகாம் வரை

இந்தியர்களுக்கு நேபாளம் போக விசா வேண்டாம். விமானத்தில் போகிறவர்கள் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ கட்டாயம் வைத்திருக்க வேண்டும். காப்பீடு எடுக்கும்போது, 6,000 மீட்டர் வரையிலான ஹெலிகாப்டர் மீட்பு அதில் அடங்குகிறதா என்று ஆவணத்தில் நீங்களே வாசித்து உறுதி செய்யுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல அதற்கு வெகு கீழேயே நின்றுவிடுகின்றன. லுக்லா விமானங்கள் வானிலையால் நாள்கணக்கில் தடைபடும். ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கு முன் இரண்டு மூன்று நாட்கள் காலியாக விட்டுவையுங்கள்.

உயர்மலை மருத்துவத்தின் அடிப்படை விதி எளிது. 3,000 மீட்டரைக் கடந்தபின், தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரே இடத்தில் தங்குங்கள். விதி தூங்கும் உயரத்தைப் பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும். பகலில் உயரே ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து தூங்குவது நல்லது.

லுக்லா 2,860 மீட்டர். முதல் இரவு தங்கும் ஃபக்டிங் அதைவிடத் தாழ்வு, 2,610. அங்கிருந்து நாம்சே ஒரே நாளில் 800 மீட்டருக்கு மேல் ஏற்றம். வழியில் வரும் கடைசித் தொங்குபாலத்துக்குப் பிறகு வரும் செங்குத்தான ஏற்றத்தில்தான் ஓட்டக்காரர்கள் தங்கள் பழக்கத்துக்கு அடிமையாகிறார்கள். முன்னால் போகிறவரை முந்தத் தோன்றும். கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். மூக்கால் மட்டும் மூச்சு விட்டபடி நடக்கக்கூடிய வேகமே அங்கே உங்கள் வேகம். வாய் திறந்தால் வேகத்தைக் குறையுங்கள். நாம்சேவில் குறைந்தது இரண்டு இரவு தங்க வேண்டும். இடைப்பட்ட நாளில் 3,880 மீட்டரில் உள்ள எவரெஸ்ட் வியூ ஹோட்டல் வரை ஏறி, ஒரு தேநீர் குடித்து, இறங்கி வாருங்கள்.

அடுத்து 3,867 மீட்டரில் தெங்போச்சே மடாலயம். பிறகு 4,410 மீட்டரில் டிங்போச்சே, அங்கே மீண்டும் இரண்டு இரவு. பகலில் நாங்கார்ட்சாங் குன்றில் முடிந்தவரை ஏறி இறங்கலாம். பிறகு லோபுச்சே, கோரக் ஷெப், முகாம். ஏறும் நாட்களிலேயே பாதையை ஓட்டக்காரராகப் பாருங்கள். எந்த வளைவில் கல் உருள்கிறது, எந்தப் பாலத்துக்குப் பின் ஏற்றம் தொடங்குகிறது, எந்த வீட்டின் முன் பாதை இரண்டாகப் பிரிகிறது என்று குறிப்பெழுதுங்கள். வரப்போகும் தடத்தின் பெரும்பகுதியை முன்கூட்டியே நடந்து பார்க்கும் வாய்ப்பு எத்தனை மாரத்தான்களில் கிடைக்கும்?

ஓடிப் பார்க்கலாமா? டிங்போச்சேவில் ஓய்வு நாளில் இருபது நிமிடம், பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில் ஓடலாம். அதற்கு மேல் வேண்டாம். அந்த இரண்டு வாரத்தில் கூடுதலாக ஓடி எந்த உடற்தகுதியும் வரப்போவதில்லை, இருப்பது கரையும்.

தலைவலி வந்தால்

உயரத்தில் வரும் தலைவலியை, வேறு காரணம் உறுதியாகும்வரை, மலைநோய் என்றே கொள்ளுங்கள். அதோடு பசியின்மை, குமட்டல், அசதி, தலைச்சுற்றல் ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம். அன்று மேலே ஏறாதீர்கள். அதே உயரத்தில் தங்குங்கள். மறுநாள் சரியானால் தொடருங்கள், மோசமானால் இறங்குங்கள். இந்த மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் நோய் வந்தபின் மூளை நன்றாகச் சிந்திக்காது.

நோய் முற்றும் இரண்டு வடிவங்கள் உயிரைப் பறிக்கக்கூடியவை. ஒன்று மூளை வீக்கம். நடை தள்ளாடும், பேச்சு குழறும், நேர்கோட்டில் குதிகாலை விரல்நுனியில் வைத்து நடக்கச் சொன்னால் முடியாது. மற்றொன்று நுரையீரலில் நீர் கோப்பது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் விடாது, நேற்றுவரை நடந்த ஏற்றத்தில் பத்தடி எடுக்க முடியாது. இரண்டுக்கும் முதல் சிகிச்சை உடனடியாக இறங்குவது. இருட்டு, குளிர், கட்டிய பணம் என்று எதையும் யோசிக்கக்கூடாது. மருந்தும் ஆக்சிஜனும் இறங்குவதற்கு உதவி, இறங்குவதற்கு மாற்று அல்ல. நோயாளியைத் தனியாக அனுப்பாதீர்கள்.

டிங்போச்சேவுக்கு அருகிலுள்ள பெரிச்சேயில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் 1973 முதல் இயங்குகிறது. பருவகாலத்தில் அங்கே மலைநோய் பற்றி மருத்துவர்கள் மலையேறிகளுக்கு விளக்கவுரை தருகிறார்கள். டிங்போச்சேவில் ஓய்வு நாளில் நேரம் இருந்தால் ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

டயமாக்ஸ் என்று கடைகளில் கிடைக்கும் அசிடசோலமைடு பற்றி எல்லாரும் கேட்பார்கள். தடுப்பாகப் பரிந்துரைக்கப்படும் வழக்கமான அளவு 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. அது அறிகுறிகளை மூடி மறைப்பதில்லை. உடல் பழகுவதை விரைவுபடுத்துகிறது. விரல்நுனி மதமதப்பு, அடிக்கடி சிறுநீர் ஆகியவை வரும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. எடுப்பதென்றால் ஊரிலேயே ஓரிரு நாள் எடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள், மலைமேல் முதல்முறையாக வேண்டாம். தூக்க மாத்திரையும் மதுவும் கூடாது, இரண்டும் இரவில் மூச்சை மட்டுப்படுத்தும். தூக்கத்தில் மூச்சு சில நொடி நின்று, பின் பெருமூச்சோடு விழித்துக்கொள்வது அந்த உயரத்தில் சகஜம். அறைத்தோழர் பயந்துபோய் எழுப்பாதபடி இதை முன்பே சொல்லிவையுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் பற்றி ஒரு வார்த்தை. 5,000 மீட்டரில் 80க்கு அருகில் எண் காட்டினால் ஊரில் அவசரப் பிரிவுக்கு ஓடுவோம். அங்கே அது பெரும்பாலோருக்கு வரும் எண். குளிர்ந்த விரல் இன்னும் குறைத்துக் காட்டும். எண்ணைவிட ஆளைப் பாருங்கள். சாப்பிடுகிறாரா, சிரிக்கிறாரா, நேராக நடக்கிறாரா?

இந்த ஓட்டத்தை அதிகம் பேருக்குக் கெடுப்பது பெரிய நோய்கள் அல்ல. வயிற்றுப்போக்கும் வறட்டு இருமலும்தான். ஒவ்வொரு வேளையும் சாப்பிடுமுன் கையைச் சுத்தம் செய்யுங்கள். தண்ணீரைக் குளோரின் மாத்திரையோ வடிகட்டியோ இல்லாமல் குடிக்காதீர்கள். கும்புவில் உயிர்வதை இல்லை. அங்கே பரிமாறும் இறைச்சி கீழேயிருந்து நாள்கணக்கில் சுமந்து கொண்டுவரப்படுவது. நாம்சேவுக்கு மேல் அசைவத்தைத் தவிர்த்துவிடுங்கள். பருப்பு, சோறு, காய் அடங்கிய தால்பாத் நம் நாக்குக்கு நெருக்கமான சாப்பாடு, கேட்டால் மறுபடியும் போடுவார்கள். இருமலுக்குக் காரணம் குளிர்ந்த வறண்ட காற்றும் புழுதியும். மெல்லிய கழுத்துத் துணியை மூக்கு வாய்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தால், உங்கள் மூச்சின் ஈரமே உள்ளே போகும் காற்றை நனைத்து அனுப்பும்.

முகாமில் கடைசி இரவு

பனியாற்றின் மேல் கூடாரத்தில் தங்கல். அடியில் பனி விரிசல் விடும் சத்தம் இரவு முழுக்கக் கேட்கும், பழகிவிடும். தூக்கம் வராது. யாருக்கும் வராது. ஓட்டத்துக்கு முந்தைய இரவு தூங்காததால் மட்டும் ஓட்டம் கெடுவதில்லை, எனவே அதை நினைத்து மேலும் விழித்திருக்க வேண்டாம். ஃபோன், டார்ச் பேட்டரி, தண்ணீர் வடிகட்டி மூன்றும் தூக்கப்பைக்குள் உங்களோடு படுக்கட்டும். உறைந்துபோன வடிகட்டியின் நுண்குழாய்கள் வெடித்துவிடும், பார்த்தால் தெரியாது.

காலையில் உறைநிலைக்குக் கீழே புறப்பட்டு, மதியம் வெயிலில் வேர்த்து, மாலையில் மழையிலோ மேகத்திலோ முடிப்பீர்கள். மே கடைசி என்பது பருவமழைக்குச் சற்று முந்தைய காலம், பிற்பகலில் மேகம் ஏறும். உள்ளே மெல்லிய கம்பளி, மேலே காற்றுத் தடுப்பு மேலாடை, கையுறை, காது மூடும் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. புற ஊதாக்கதிர் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 10 விழுக்காடு கூடும். பனி அதைத் திருப்பியடிக்கும். கண்ணாடி இல்லாமல் ஓடுபவர் மாலையில் கண் திறக்க முடியாமல் தவிப்பார். பையில் ஊதல், தலைவிளக்கு, அவசரப் போர்வை, மழை உடை கட்டாயம். ஷூ பழகியதாக இருக்கட்டும். அடிப்பக்கம் பற்கள் ஆழமாக, முன்னால் ஒரு விரல் இடைவெளியோடு. கால் நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் நகம் ஷூவில் மோதி மோதிக் கறுத்துப்போவது இதைச் செய்யாதவர்களுக்கு.

தண்ணீர்ப் பையின் குழாய் முதல் மணி நேரத்தில் உறைந்துவிடக்கூடும். ஒரு சிறு புட்டியை மேலாடைக்குள் வையுங்கள். ஜெல் கெட்டிப்படும், கடலைமிட்டாய் பல்லை உடைக்கும். பேரீச்சை, வேகவைத்த உருளைக்கிழங்கு, பிஸ்கட் ஆகியவை குளிரிலும் வாய்க்குள் போகும். பசி எடுக்காது, இருந்தாலும் அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் சாப்பிடுங்கள். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போனால் போதும். தாகத்துக்குக் குடியுங்கள். கட்டாயப்படுத்தி லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், அது வறட்சியைவிட ஆபத்தானது. வலிக்கு ஐபுப்ரோஃபென் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள், நீரிழந்த உடலில் சிறுநீரகத்துக்கு அது பாரம்.

தடம்

முகாமிலிருந்து கோரக் ஷெப் வரை பாதை என்பதே இல்லை, பனியாறு குவித்துவிட்டுப் போன கல்மேடுதான். கற்கள் ஆடும், சில இடங்களில் கல்லுக்கடியில் பனி. இங்கே ஓட நினைக்காதீர்கள். முகாமின் ஆரவாரத்தில் எல்லாரும் பாய்வார்கள். அவர்களை விடுங்கள். அந்த உயரத்தில் ஒருமுறை மூச்சு உடைந்தால் மீண்டும் கூட்டுவது கடினம். கோரக் ஷெப்புக்கும் லோபுச்சேவுக்கும் இடையில் இன்னொரு பனியாற்றின் கல்மேடு குறுக்கே வருகிறது. ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகும் அந்தப் பகுதியும் நடைதான்.

லோபுச்சேவுக்குப் பின் பள்ளத்தாக்கு விரிகிறது. மெல்ல ஓடத் தொடங்கலாம். துக்லா கணவாயில், மலையில் இறந்தவர்களுக்காக எழுப்பிய நினைவுக் கல்மேடுகள் வரிசையாக நிற்கும். அதைத் தாண்டியதும் துக்லாவுக்குச் சடாரென்று ஓர் இறக்கம். இதுவே முதல் பொறி. மூச்சு கொஞ்சம் தாராளமாகிவிட்ட மகிழ்ச்சியில் இங்கே தாவி இறங்கினால், அதற்கான விலையை முப்பதாவது கிலோமீட்டரில் தொடை கேட்கும். சின்னச் சின்ன அடி வையுங்கள். முழங்கால் சற்று மடங்கியே இருக்கட்டும். பார்வை காலடியில் அல்ல, நான்கடி முன்னால்.

துக்லாவிலிருந்து டிங்போச்சேக்கு வரும் மேல்பாதை அகன்ற புல்வெளி. வழியெங்கும் ஓடக்கூடிய முதல் இடம் இதுதான், நன்றாக ஓடுங்கள். டிங்போச்சேவில் கால் கீழே போகத் துடிக்கும்போது, தடம் உங்களை எதிர்த்திசையில் பிப்ரே பக்கம் மேலே அனுப்புகிறது. போய்த் திரும்பி வர வேண்டிய சுற்று. உயரம் பெரிதாகக் கூடாது, மனம்தான் முரண்டுபிடிக்கும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் பாதித் தொல்லை இல்லை. ஏற்றம் முழுவதையும் நடந்து, சாப்பிட வேண்டியதை அங்கேயே சாப்பிட்டு, திரும்பும்போது ஓடுங்கள்.

அடுத்து சோமாரே, பாங்போச்சே. ஆற்றோரமாக நீண்டு இறங்கும் அருமையான தடம். 4,000 மீட்டருக்குக் கீழே வரும்போது மூச்சில் வித்தியாசம் தெரியும். மனித நடமாட்டமும் யாக் மந்தைகளும் கூடுவது இங்கேதான். மந்தை வந்தால் நின்றுவிடுங்கள், அதுவும் மலைப்பக்கமாக. பள்ளத்தாக்குப் பக்கம் நின்றவரை மூட்டையின் ஒரு மோதல் கீழே தள்ளிவிடும். சுமைதூக்கிகளுக்கும் வழிவிடுங்கள். அவர்கள் முதுகில் இருப்பது உங்கள் ஓட்டத்தைவிடப் பாரமானது. மந்திரம் செதுக்கிய மணிக் கற்சுவர்கள் பாதை நடுவே வந்தால், சுவர் உங்கள் வலப்புறம் இருக்கும்படி, இடப்பக்கமாகச் சுற்றிப் போங்கள். அவசரத்திலும் ஷெர்பாக்கள் இதை மீறுவதில்லை. தொங்குபாலத்தில் ஆள் வந்துகொண்டிருந்தால் காத்திருங்கள், பாலம் ஆடும் தாளத்துக்கு எதிராக ஓடினால் முழங்கால் பிசகும்.

தேபோச்சேயின் மலைப்பூவரசு மரங்களுக்கு நடுவே சிறிய ஏற்றம், மேலே தெங்போச்சே. அங்கிருந்து ஃபுங்கி தெங்கா வரை சுமார் 600 மீட்டர் இறக்கம், வளைந்து வளைந்து, புழுதி பறக்க. துக்லாவில் அடக்கி வாசித்தவர்கள் இங்கே பலரை முந்துவார்கள். கீழே தூத்கோசி ஆற்றின் பாலம். 3,250 மீட்டர். முடிவிடத்தைவிடத் தாழ்வான இடத்துக்கு வந்துவிட்டீர்கள் என்பது அப்போதுதான் உறைக்கும். இனி ஏற வேண்டும். சுமார் 300 மீட்டர், வெயில் படும் சரிவில், கிட்டத்தட்ட முழு நாள் ஓடிய காலோடு.

இந்த ஏற்றத்தைப் பற்றித்தான் முடித்தவர்கள் எல்லாரும் பேசுகிறார்கள். கையைத் தொடைமேல் ஊன்றி நடங்கள். நூறு அடி எண்ணி, நின்று, மூன்று மூச்சு விட்டு, மறுபடி நூறு. உட்காராதீர்கள். பாலத்தருகே தண்ணீரும் இனிப்பும் எடுத்துக்கொண்டு தொடங்கினால், சனாசா வீடுகள் கண்ணில் படும்போது கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்கும். அதற்குப் பிறகு மலையை ஒட்டி வளைந்து போகும் அகலமான, ஏறத்தாழச் சமமான தடம். முடிந்தவரை ஓடுங்கள். முடியாதவர்கள் ஐந்து நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று பிரித்துக்கொள்ளலாம். நாம்சேவின் நீலக் கூரைகளுக்கு மேலே வந்ததும் கடைசியாகக் கல்படிகள். களைத்த கால் தடுக்கி விழுவது இங்கேதான் அதிகம், கூட்டத்தின் கைதட்டலைக் கேட்டு வேகம் கூட்டாதீர்கள்.

முடித்த பிறகு

உடனே காய்ந்த உடைக்கு மாறுங்கள். ஐந்து நிமிடத்தில் நடுக்கம் தொடங்கிவிடும். சூடான சூப்பு, உப்புக் கரைசல், அரை மணிக்குள் சோறு. அன்று இரவு கொண்டாட்டத்தில் மது வேண்டாம், நீங்கள் இன்னும் 3,440 மீட்டரில் இருக்கிறீர்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனால், அல்லது பல மணி நேரம் போகவே இல்லை என்றால், போட்டி மருத்துவரிடம் அன்றே சொல்லுங்கள். தசை சிதைவு சிறுநீரகத்தைத் தாக்குவதன் அடையாளம் அது.

மறுநாள் நாம்சேவிலிருந்து கீழே இறங்கும் நடை ஓட்டத்தைவிட வலிக்கும். ஒரு ஜோடி ஊன்றுகோல் கடன் வாங்கியாவது வைத்துக்கொள்ளுங்கள். லுக்லாவுக்கு ஒரே நாளில் போக அவசரம் இல்லாவிட்டால் ஃபக்டிங்கில் ஓர் இரவு தங்குங்கள். ஊர் திரும்பியதும் இரண்டு வாரம் ஓட்டமே வேண்டாம். மேலே சேர்ந்த இரத்தத்தின் பலன் வீணாகிவிடும் என்று சிலர் உடனே சாலை மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கிறார்கள். தசைகள் அதற்குத் தயாராக இருக்காது. மூன்றாவது வாரத்தில் சமதளத்தில் அரை மணி நேரம் ஓடிப் பாருங்கள், முன்தொடையை விரலால் அழுத்தினால் வலிக்கிறதா என்று பாருங்கள். வலித்தால் இன்னும் ஒரு வாரம் நடை மட்டும்.